அயலவரைத் தேடிய அருட்பணி



கிறிஸ்தவ சமயப் பணியைப்பற்றிப் பேச்செழுந்தால், நம்மிற் பெரும்பாலாருடைய மனக்கண்முன் ஒரே காட்சிதான் தோன்றும். பாய்க்கப்பலேறி மாதக்கணக்காகக் கடலிலே அலைந்து, முன்பின் அறியாத ஒரு கரையிலே வந்திறங்கும் வெள்ளைக்காரப் பாதிரியாருடைய காட்சி அது. அக்காட்சி பொய்யன்று. 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் அங்ஙனம் வந்தவர்களே. 1820 இற் பாளையங்கோட்டையை அடைந்த ரேனியஸ் ஐயரும் அங்ஙனம் வந்தவரே. ஆனால் அது வரலாற்றின் ஒரு பாதி மாத்திரமே. மற்றப் பாதி, நம்மவர்கள் தம் அயலவரைத் தேடிச் சென்ற கதை. அதனைச் சொல்வார் குறைவு, கேட்பாரும் குறைவு. அந்த மற்றப் பாதியையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகின்றேன்.

வெள்ளைக்காரர் கடலைக் கடந்தார்கள். நம்மவர் கடக்க வேண்டியிருந்தது சில இடங்களில் ஒரு சிறு நீரிணை. சில இடங்களில் ஒரு மலைப்பாதை. சில இடங்களில் ஒரு வேலி. இவற்றுள் எதனைக் கடப்பது அரிது என்பதுதான் கேள்வி. நான் வரலாற்றை விரும்பிக் கற்றவன். அதனைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். எந்தச் சமயத்தினுடைய சார்பிலும் நின்று பேச நான் வரவில்லை. அடுத்த வீட்டாரை மனிதன் எப்பொழுது காண்கின்றான், எப்பொழுது காணாமல் விடுகின்றான் என்பதை அறிய இவ்வரலாறு உதவும் என்பதனாலேயே இதனை எடுத்துக்கொண்டேன்.

முதலில் நம் மலைநாட்டுக்குச் செல்வோம்.

நான் ஆசிரியத் தொழிலைத் தொடங்கிய இளம் பருவத்திற் சில ஆண்டுகள் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே படிப்பித்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு மேட்டிலே, சிறிய கற்கோயில் ஒன்று இருந்தது. ஒரு நாள் மாலை அக்கோயிலைப் பார்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவரிடம், இதனைக் கட்டியவர் யார் என்று கேட்டேன். "துரைமார் காசு கொடுத்தாங்க ஐயா, கல்லை எங்க ஆளுக சுமந்தாங்க. வேதம் சொல்லிக் கொடுத்தவரு மட்டும் திருநெல்வேலிக்காரரு" என்றார். மூன்றே வாக்கியத்தில் ஒரு முழு வரலாற்றையும் அவர் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நாட்டு மலைச்சாரல்களிலே கோப்பிப் பயிர் பெருகிற்று. அதற்கு வேண்டிய உழைப்பாளர் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்டவர்கள் அவர்கள். நிலமற்றவர்களும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்களுமே அவர்களுட் பெருந்தொகையினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை அவர்கள் கால்நடையாக நடந்தார்கள். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர் பலர். எஞ்சியோர் லயன்களிலே குடியேறினர்.

இவர்களிடையே பணியாற்றுவதற்கென 1850களின் நடுப்பகுதியிற் கண்டியை மையமாகக் கொண்டு ஒரு மிஷன் தொடங்கப்பெற்றது. தோட்டத்துரைமார் சிலர் பணம் தந்தனர். சேர்ச் மிஷன் சங்கத்தார் பொறுப்பை ஏற்றனர். திருநெல்வேலியிற் பணிபுரிந்து பழகிய செப்திமஸ் ஹொப்ஸ் ஐயர் மேற்பார்வைக்கு அழைக்கப்பட்டார். ஆனால் தோட்டந்தோட்டமாக நடந்தவர்கள், திருநெல்வேலிச் சபைகள் அனுப்பிய தமிழ் உபதேசிமாரே. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே ஆட்கள் வேலைக்குப் பேர்பதியக் கூடும் நேரத்திலும், மாலையில் லயன் வாசலிலும் அவர்கள் பேசினார்கள். அட்டைக்கடியும், குளிரும், மழையும், வழுக்குப் பாதையும் அவர்களுக்குப் பழக்கமானவையல்ல. பனங்காட்டுச் செம்மண்ணில் வளர்ந்தவர்கள் அவர்கள். எனினும் வந்தவர்களுடைய பேச்சு, கேட்டவர்களுடைய ஊர்ப்பேச்சாகவே இருந்தது. எந்த ஊர், எந்தக் குளம், எந்த ஆற்றங்கரை என்று விசாரிக்கத் தெரிந்தவர்களாக அவர்கள் இருந்தார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவனுக்கு அந்த விசாரிப்பே பெரிய ஆறுதல் அன்றோ?

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அந்த மிஷனுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் "தமிழ்க் கூலி மிஷன்" என்பது. தொண்டுக்கென்று வந்தவர்களும், தாம் தேடி வந்த மனிதரை அவர்கள் பெறும் நாட்கூலியின் பெயராலேயே அழைத்தனர். பிற்காலத்தில் அச்சொல் கைவிடப்பட்டது. ஆனால் பெயர் ஒரு காலத்தின் கண்ணாடி. துரையின் பணத்தில் நடக்கும் பணி துரையின் மனங்கோணாமல் நடக்க வேண்டியதாயிற்று. உபதேசியார் ஆன்மாவைப்பற்றிப் பேசலாம், எழுத்தறிவும் ஊட்டலாம், பற்றுச்சீட்டையும் கங்காணியின் கணக்கையும்பற்றி உரத்துப் பேசுதல் அவருக்கு எளிதன்று. ஆகவே, யார் பணத்தில் நடக்கின்றது என்பது எந்தத் தொண்டினையும் அளந்தறிவதற்கான முதலாவது அளவுகோல் எனக் கொள்ளலாம்.

இனி, வடக்கே யாழ்ப்பாணத்துக்குச் செல்வோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824 இல் உடுவிற் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. இவற்றின் பயனாக ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்ற ஒரு தலைமுறை தோன்றிற்று. இக்கல்வி எழுப்பிய அலைக்கு எதிரலையும் எழுந்தது. மிஷன் பாடசாலையிற் கற்று, வேதாகம மொழிபெயர்ப்பிலும் துணைநின்ற ஆறுமுக நாவலரே, 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒரு சமயத்தின் ஊக்கம் மற்றொரு சமயத்தையும் விழிக்கச் செய்த நிகழ்ச்சி அது.

அந்நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் தமக்கென ஒரு சுதேச சுவிசேஷ சங்கத்தை அமைத்தனர். அமெரிக்காவிலிருந்து வரும் பணத்திற் காலங்கழிப்பது மாத்திரம் போதாது, நம் கையாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் தேர்ந்த களம் தூரதேசமன்று; புங்குடுதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளே. குடாநாட்டுக் கரையில் நின்று பார்த்தாற் கண்ணுக்குத் தெரிகின்ற தீவுகளும் அவற்றுள் உண்டு. ஆயினும் குடாநாட்டார் அவற்றை நெடுந்தொலைவெனக் கருதி வந்தனர். சோழகக் காற்று வீசுங்காலத்தில் தோணிப் பயணம் இடர் மிக்கது, நன்னீர் அரிது, ஆசிரியர் செல்ல விரும்பார். அத்தகைய இடத்துக்கு ஓர் ஆசிரியரையும் உபதேசியாரையும் அனுப்பி, அவர்களைத் தாபரிக்கும் பொறுப்பைச் சபையார் ஏற்றனர். வீட்டுப் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்தனர். அந்தப் பிடியரிசி சேர்ந்து பணமாயிற்று. அப்பணம் தீவிலே பாடசாலையாயிற்று.

1900 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து மாணாக்கரிடையே வேறோர் எண்ணம் உதித்தது. தாமும் ஒரு வெளிநாட்டு மிஷன் நடத்த வேண்டும் என்பதே அது. அவர்கள் கண்ட வெளிநாடு, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தொண்டி. இராமநாதபுரச் சீமையின் கடற்கரைப் பட்டினம் அது. அக்கரையிலும் தமிழ், இக்கரையிலும் தமிழ். வத்தைகளும் தோணிகளும் நெல்லும் ஓடும் ஏற்றி வந்துபோன துறை. ஆயினும் அப்பகுதிக் கிராமங்களிற் புரட்டஸ்தாந்தப் பணியோ, அதனோடு செல்லும் பாடசாலைக் கல்வியோ அக்காலத்தில் ஊன்றவில்லை. மாணாக்கரும் ஆசிரியரும் தம் சிறு காணிக்கைகளைச் சேர்த்து, தம்முள் இருந்தே ஆளை அனுப்பினார்கள். மேனாட்டார் யாழ்ப்பாணத்தைத் தம் மிஷன் களமெனக் கருதியிருந்த காலத்தில், அந்தக் களமே ஒரு மிஷனை அனுப்பிற்று.

இச்செய்தி சிறியதுதான். தொண்டிப் பணி பெரும் இயக்கமாக வளர்ந்துவிட்டதென நான் சொல்ல வரவில்லை. ஆனால் அச்சிறு செய்தி ஒரு மனிதருடைய உள்ளத்திலே தைத்தது. அதனால் நேர்ந்த விளைவு பெரிது.

1902 ஆம் ஆண்டில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர் ஒருவர் தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். இன்னும் முப்பது வயது நிரம்பாதவர். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்டு 17 ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னுஞ் சிற்றூரிலே, ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். நாடார் குலத்தவர். மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் கற்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே பயின்றவர்.

யாழ்ப்பாணத்தில் அசரியா தொண்டி மிஷனைப்பற்றி அறிந்தார். அறிந்ததும் வெட்கமுற்றார். ஏனெனில், தொண்டி இருப்பது அவருடைய நாட்டிலே. தென்னிந்தியப் புரட்டஸ்தாந்தச் சபைகளுள் எண்ணிக்கையாலும் கல்வியாலும் முன்னணியில் நின்றது திருநெல்வேலி. அத்திருநெல்வேலியார் கண்ணெடுத்துப் பாராத அயலிடத்துக்கு, கடல்கடந்து யாழ்ப்பாணத்தார் ஆள் அனுப்பியிருந்தனர். நம் வீட்டுத் திண்ணையிலே பசித்திருப்பவனுக்குப் பக்கத்துத் தெருவார் சோறு கொண்டுவந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த நிலைதான் அவருக்கு நேர்ந்தது.

ஊர் திரும்பிய அசரியா, ஒத்த கருத்தினரைக் கூட்டினார். 1903 பெப்ரவரி 12 ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உதயமாயிற்று. அதன் கொள்கை எளியது: ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிருவாகமும் இந்தியருடையது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1905 டிசெம்பர் 25 ஆம் நாள், வங்காளத்துச் செராம்பூரில் இந்தியாவின் பல பாகத்தாரும் பல சபையாரும் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினர். அதற்கும் முன்னின்று உழைத்தோருள் அசரியாவும் கே. டி. பாலும் தலையாயவர். சுதேசி இயக்கம் வங்காளத்திலே கொழுந்துவிட்டெரிந்த ஆண்டு அது என்பதையும் நாம் மறத்தலாகாது. நம் துணியை நாமே நெய்ய வேண்டும் என்று ஒரு சாரார் சொன்ன காலத்தில், நம் தொண்டை நாமே செய்ய வேண்டும் என்று மற்றொரு சாரார் சொன்னார்கள்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அசரியாவின் குலத்தார் யார்? பனையேறுந் தொழிலையும் வாணிகத்தையும் சார்ந்த நாடார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதிலும் கோயில் வாயிலிலும் தெருவிலும் தடுக்கப்பட்டவர்கள். 1899 இற் சிவகாசியில் அவர்களுடைய கோயில் நுழைவுரிமை காரணமாகப் பெருங்கலகம் மூண்டது. அக்கலகம் நடந்து நான்கே ஆண்டில், அதே சமூகத்தில் உதித்த கிறிஸ்தவர்கள், தம்மினுந் தாழ்த்தப்பட்டவர்களைத் தேடிப் புறப்பட்டனர். ஒதுக்கப்பட்டவன் முன்னேறிய பின், தன்னினுங் கீழே நிற்பவனைத் தானும் ஒதுக்குவதே உலகத்தியற்கை. அவ்வியற்கைக்கு மாறாக நடந்தமையே இவ்வரலாற்றின் சிறப்பு.

அவர்கள் தேர்ந்த இடம் தோர்ணக்கல். அக்காலத்தில் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத்துச் சமஸ்தானத்தின் கிழக்குப் பகுதி. இன்று தெலங்காணா மாநிலத்தைச் சேர்ந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஒரே நாடு என்று பெயர். ஆனால் மொழி வேறு, உணவு வேறு, ஆட்சி வேறு. அங்கே வாழ்ந்த மாலர், மாதிகர் என்னும் இரு சமூகத்தாரும் ஊருக்கு வெளியே தனிச் சேரிகளிலே ஒதுக்கப்பட்டிருந்தனர். வயல் வேலையும், தோல் வேலையும், ஊரார் ஏவிய பணிகளுமே அவர்களுக்கு விதிக்கப்பட்டவை. பொதுக் கிணறு அவர்களுக்கு இல்லை. பாடசாலையும் இல்லை.

திருநெல்வேலிச் சபைகளிலும் பெண்கள் பிடியரிசி எடுத்து வைத்தனர். பனங்காட்டுக் கிராமத்தின் பிடியரிசி, தெலுங்கு நாட்டுச் சேரியிலே ஆசிரியர் சம்பளமாயிற்று. முதலிற் சென்ற தமிழ் ஊழியர்கள் தெலுங்கு அரிச்சுவடியைப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக இருந்து கற்றனர். 1909 இல் அசரியா தாமும் செயலாளர் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து. நாடறிந்த பேச்சாளர்; மாநாடுகளிலே மதிப்புப் பெற்றவர். அவர் தெலுங்கு கற்று, மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் சேரிசேரியாகச் சென்றார். அவர் மனைவியார் அன்பு மரியம்மாள், அக்காலத்திலே கல்லூரிப் படிப்பை எட்டிய மிகச்சில தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் ஒருவர். கிராம ஆசிரியராகப் பயிற்சி பெற வந்த ஆடவரோடு அவர்தம் மனைவியரும் பயிற்சி பெற வேண்டும் என்பது தோர்ணக்கலில் வகுக்கப்பட்ட முறை. படித்த கணவன், படியாத மனைவி என்னும் பிளவு ஒரு குடும்பத்தை மாத்திரமன்றி ஒரு சமூகத்தையே முடமாக்கும் என்பதை அத்தம்பதியர் உணர்ந்திருந்தனர்.

மொழியே நமது இரண்டாவது அளவுகோல். தேடிச் சென்றவன், தேடப்பட்டவனுடைய மொழியைக் கற்றானா, அல்லது தன் மொழியை அவன்மேற் சுமத்தினானா என்பதைக் கொண்டு, ஒரு தொண்டின் உள்ளக்கிடக்கையை அறியலாம்.

1910 இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே உலக மிஷனரி மாநாடு கூடிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளுள் ஆசியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அம்மேடையில் அசரியா எழுந்து பேசினார். மேனாட்டு மிஷனரிமாருடைய தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கொடைவள்ளல்களாக வருகின்றார்களேயன்றி, ஒரே பாயில் உடனிருந்து உண்ணும் நண்பர்களாக வருவதில்லை என்பதை அச்சபையிலேயே வெளிப்படக் கூறினார். வேண்டுவது நட்பு என்பதே அவர் உரையின் சாரம். கேட்டோரிற் சிலர் சினந்தனர். சிலர் நெடுங்காலம் அதனை நினைத்திருந்தனர்.

1912 டிசெம்பர் 29 ஆம் நாள் கல்கத்தாப் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியரொருவர் அத்தியட்சரானது அதுவே முதன்முறை. அதனை எதிர்த்தோர் வெள்ளையர் மாத்திரமல்லர். இந்தியக் கிறிஸ்தவருள்ளும் எதிர்ப்பெழுந்தது. அவ்வெதிர்ப்பிலே சாதியின் நாற்றமும் கலந்திருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் அழிக்கும் என்று நம்பப்பட்ட சாதி, அத்தண்ணீரின் அடியிலே கல்லாய்க் கிடந்தது.

அவருடைய மறைமாவட்டத்துக்குள்ளேயும் அதே கல் கிடந்தது. மாலரும் மாதிகரும் ஊராரால் ஒருங்கே ஒதுக்கப்பட்டவர்கள். எனினும் ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணார். ஒரே கோயிலில், ஒரே பந்தியில், ஒரே பாத்திரத்தில் இருவரையும் பங்குகொள்ளச் செய்ய அவர் வாழ்நாள் முழுவதும் முயன்றார். அம்முயற்சி முற்றும் நிறைவேறிற்று என்று சொல்லுதற்கில்லை. தோர்ணக்கற் பேராலயத்தைக் கட்டி முடிக்கவும் நெடுங்காலஞ் சென்றது. இந்துக் கோயில் தூண்களின் சாயலும் இஸ்லாமியக் கவிகைகளின் சாயலும் பொருந்த அமைந்த அவ்வாலயம் 1939 ஜனவரி 6 ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1945 ஜனவரி முதலாம் நாள் அவர் மறைந்தபொழுது, அம்மறைமாவட்டத்தாருடைய தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இவ்வெண்ணிக்கையே ஒரு பெருவாதத்துக்கும் காரணமாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாறுதல் உள்ளத்தின் மாற்றமாகுமா, அல்லது வறுமையைப் பயன்படுத்துவதாகுமா என்று 1930களிற் காந்தியடிகள் வினவினார். 1935 இல் அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்திருந்த காலம் அது. காந்தியடிகளின் ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. கல்வியும் மருந்தும் கையில் வைத்துக்கொண்டு சமயம் பேசுபவர், கேட்பவனுடைய சுயாதீனத்தைக் குறித்து எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அசரியாவின் மறுமொழியும் புறக்கணிக்கத்தக்கதன்று. சேரியிலே வாழ்பவனுக்கும் தன் கதியைத் தானே தெரிந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு. அவனுக்காக மற்றவர் தீர்மானித்தல் தகாது என்பது அவர் நிலை. அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வழங்கிய 1932 ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பை எதிர்த்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம் மக்கள் தனிக்கூட்டமாகப் பிரிந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. இவ்விரு பெரியோருள் யார் பக்கம் உண்மை மிகுதி என்பதை நேயர்களுடைய தீர்ப்புக்கே விட்டுவிடுகின்றேன்.

இனி, நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம்.

தொண்டிக்கு ஆள் அனுப்பிய யாழ்ப்பாணம், தன் வேலிக்கு உள்ளே என்ன செய்தது? வட்டுக்கோட்டையின் தொடக்க காலத்தில், மிஷன் வளவுக்குட் சமைத்ததை உண்ண மாணாக்கர் மறுத்தமையால், அயற்காணியிலே அடுக்களை அமைக்க நேர்ந்தது. அது தொடக்கம் என்று பொறுக்கலாம். ஆனால் ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் வாங்கிலே சமமாக அமர இயலவில்லை. நிலத்திலே இருந்தார்கள், அல்லது வாசலுக்கு வெளியே நின்றார்கள். 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தலைமையிற் சமபந்தியையும் சமஆசனத்தையும் வற்புறுத்திற்று. 1930 அளவிலே சமஆசனம் அரசினரால் வலியுறுத்தப்பட்டபொழுது, அதனைப் பொறாதார் சிலர் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர். பாக்கு நீரிணையைத் தாண்டிய மனம், வகுப்பறை வாங்கின் ஒரு முழத்தைத் தாண்ட மறுத்தது.

மலைநாட்டு மக்களின் கதையும் இதற்கு வேறன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 இல் இரு பிரதமர் செய்த ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் கப்பலேற வேண்டியவராயினர். எஞ்சியோருடைய பிரசாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரும்பாலுந் தீர்ந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் உபதேசியார் ஒருவர் கேட்ட "எந்த ஊர்?" என்னும் அன்புக் கேள்வி, பிற்காலத்திலே சட்டத்தின் வாயிலிருந்து கொடுங்கேள்வியாக வெளிப்பட்டது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் அவர்களை நம் அயலவராக நம்மில் எத்தனைபேர் கண்டோம்?

ஆகவே மூன்றாவது அளவுகோல் இது: தேடிச் சென்றவனும் தேடப்பட்டவனும் ஒரே வாங்கில் இருந்தார்களா? பணம் சொந்தமாக இருக்கலாம், மொழியும் கற்றிருக்கலாம். இறுதியில் ஒன்றாக இருந்து உண்ணாவிடின், அத்தொண்டு வாசலோடு நின்றுவிட்டதென்றே கொள்ள வேண்டும்.

1947 செப்டெம்பர் 27 ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபொழுது, தோர்ணக்கலும் யாழ்ப்பாணமும் அதன் இரு மறைமாவட்டங்களாக ஒரே சபைக்குள் வந்தன. யாழ்ப்பாணத்தின் முதல் அத்தியட்சர் சபாபதி குலேந்திரன் அவர்கள். 1902 இல் யாழ்ப்பாணத்திலே ஓர் இளைஞர் அடைந்த வெட்கம், தோர்ணக்கலைச் சுற்றி வந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்தின் தோளைத் தொட்டது போலும்.

நான் ஓர் அதிபர். ஒவ்வொரு தை மாதமும் புதிய பிள்ளைகள் வந்து சேருங்காலத்தில், வகுப்பின் கடைசி வாங்கிலே யார் தனியே இருக்கின்றார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். அவ்வழக்கத்தை எனக்குக் கற்பித்தது இந்த வரலாறே. தூரதேசத்துத் துயரைக் கேட்டு உருகுதல் நமக்கு எளிது. அடுத்த வளவில் இருப்பவரின் பெயரை அறிந்துகொள்ளுதல் அரிது. பிடியரிசி எடுத்து வைத்த பெண்களுக்குப் பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை. ஆனால் அன்றாடம் உலை வைக்கும்பொழுது, காணாத ஓர் அயலவரை அவர்கள் நினைத்தார்கள். இன்று இரவு உங்கள் வீட்டில் உலை கொதிக்கும்பொழுது, உங்கள் வேலிக்கு அப்பால் நீங்கள் இன்னும் காணாத அயலவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பீர்களாயின், இப்பேச்சு பயன் பெற்றதாகும்.